வயிற்றைச் சுற்றிய கொழுப்பும் குடலில் முளைக்கும் பொலிப்பும்

கடந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த இரண்டாவது வாரம், என் ராத்தாவின் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக, "மச்சான், ஒரு வருஷமா அப்பப்ப இரத்தம் போகுது. பைல்ஸ்தான். காரம் கூடினா வருது" என்றார். ராத்தாவுக்குக்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. நாட்டு மருந்து ஒன்றும், பார்மசியில் வாங்கிய ஒயின்மென்ட் ஒன்றும் பாவித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வயது 51. சீனி வருத்தம் இருக்கிறது. உயரம் 165 சென்ரிமீற்றர், நிறை 78 கிலோ. இவ்வளவு விபரமாக எழுதக் காரணம் இருக்கிறது. பின்னர் சொல்கிறேன்.

வற்புறுத்திக் கண்டிக்கு அழைத்துச் சென்று கொலனொஸ்கோபி செய்தோம். மூலம் இருந்தது உண்மைதான். அதற்கு மேலே, பெருங்குடலின் உள்ளே, மூன்று பொலிப்புகளும் இருந்தன. அவற்றில் ஒன்று ஒன்றரை சென்ரிமீற்றர். பரிசோதனையின்போதே மூன்றையும் வெட்டியெடுத்து பயோப்சிக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் பெரிய பொலிப்பில் கலங்கள் மாறத் தொடங்கியிருந்தன என்று அறிக்கை வந்தது. "இன்னும் சில வருடம் விட்டிருந்தால் வேறு கதை" என்றார் வைத்தியர். பிறகு மச்சானின் வயிற்றைக் காட்டி, "இதையும் குறைக்க வேண்டும்" என்றார்.

மச்சானுக்கு அது விளங்கவில்லை. எனக்கும் உடனே விளங்கவில்லை. குடலுக்குள் வரும் முளைக்கும் வெளியே தொங்கும் தொப்பைக்கும் என்ன தொடர்பு? நான் வைத்தியன் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் பயின்று இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவன். எனவே தேடிப் படித்தேன். விளங்கியதை எழுதுகிறேன்.

பெருங்குடலின் உட்சுவர் ஓய்வில்லாமல் புதுப்பிக்கப்படும் ஓர் இடம். அங்குள்ள மேற்பரப்புக் கலங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, புதியவை அவற்றின் இடத்துக்கு வருகின்றன. இவ்வளவு வேகமாகக் கலங்கள் பிரியும் இடத்தில் பிரதி எடுக்கும்போது பிழைகள் நேர்வது இயல்பு. கலப்பிரிவை அடக்கி வைக்கும் பரம்பரை அலகு ஒன்று பழுதானால், அந்த இடத்தில் கலங்கள் தேவைக்கு மேல் பெருகிச் சிறு முளையாகும். அதுதான் பொலிப். சில பொலிப்புகள் காளான்போலக் காம்போடு நிற்கும். சில தட்டையாகச் சுவரோடு ஒட்டியிருக்கும். பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தருவதில்லை. வலிக்காது, வயிறு பொருமாது, பலருக்கு இரத்தமும் போகாது.

எல்லாப் பொலிப்பும் ஆபத்தானதல்ல. ஒரு வகை பெரும்பாலும் அப்படியே இருந்துவிடும். 'அடினோமா' எனப்படும் வகைதான் கவனிக்க வேண்டியது. அதிலும் சிறு பங்கு மட்டுமே புற்றுநோயாக மாறுகிறது. ஆனால் பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இப்படியொரு பொலிப்பிலிருந்துதான் தொடங்குகின்றன. 1990ஆம் ஆண்டு ஃபியரன், வோகல்ஸ்டைன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தப் பயணத்தைப் படிப்படியாக விளக்கினார்கள். முதலில் ஒரு பரம்பரை அலகில் பழுது ஏற்படுகிறது, பிறகு இன்னொன்றில், பிறகு மற்றொன்றில். பழுதுகள் சேரச் சேர முளை கட்டியாகிறது. இதற்குப் பொதுவாகப் பத்து வருடமளவில் எடுக்கிறது.

பத்து வருடம் என்பது பெரிய அவகாசம். இந்த அவகாசம் எல்லாப் புற்றுநோய்க்கும் கிடைப்பதில்லை. இடையில் ஒருநாள் பொலிப்பைக் கண்டு வெட்டிவிட்டால் அந்தப் பாதை அங்கேயே அறுந்துவிடுகிறது. இப்படிப் பொலிப் அகற்றப்பட்டவர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு 2012இல் வெளியானது. பெருங்குடல் புற்றுநோயால் அவர்களிடையே எதிர்பார்க்கப்பட்ட மரணங்கள் 53 சதவீதத்தால் குறைந்திருந்தன.

இனி நிறையின் விடயம். உடற்கொழுப்பு என்றால் வெறும் சேமிப்புக் களஞ்சியம் என்றுதான் எங்கள் காலத்தில் படித்தோம். நானும் பல வருடம் அப்படித்தான் படிப்பித்தேன். அது பாதி உண்மை மட்டுமே. கொழுப்பிழையம், குறிப்பாக வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிப் படியும் கொழுப்பு, ஒரு சுரப்பிபோல வேலை செய்கிறது. அழற்சியைத் தூண்டும் பொருட்களை அது இடைவிடாமல் இரத்தத்தில் கலக்கிறது. 'லெப்டின்' என்ற ஓமோன் கூடுகிறது. பாதுகாப்புத் தரும் 'அடிபொனெக்டின்' குறைகிறது. உடலின் கலங்கள் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கின்றன. சதையி அதை ஈடுகட்ட மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது.

இந்த இன்சுலின்தான் முக்கியமான ஆள். சீனியைக் கட்டுப்படுத்துவது மட்டும் அதன் வேலையல்ல. அது வளர்ச்சியைத் தூண்டும் ஓமோனும்கூட. அதன் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வளர்ச்சிக் காரணியையும் அது கூட்டிவிடுகிறது. இரண்டும் கலங்களுக்குச் சொல்லும் செய்தி ஒன்றுதான்: பிரி, பெருகு, சாகாதே. ஏற்கனவே வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும் குடற்சுவருக்கு இந்தச் செய்தி இரவுபகலாகப் போய்க்கொண்டிருந்தால் என்ன நடக்கும்? பழுதான கலம் செத்து உதிர வேண்டிய இடத்தில் உதிராமல் பெருகுகிறது. வயலுக்குத் தேவைக்கு மேல் யூரியா போட்டால் களையும் சேர்ந்து செழிப்பதைப் போன்றது இது.

சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் இந்த ஆதாரங்களையெல்லாம் மீளாய்வு செய்தது. மிகையான உடற்கொழுப்பினால் ஏற்படும் புற்றுநோய்கள் என 13 வகைகளை அது பட்டியலிட்டது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் அவற்றுள் ஒன்று. பொலிப்பை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு 36 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரையொன்று 2012இல் வெளிவந்தது. உடற்திணிவுச் சுட்டி 5 அலகு கூடும்போது அடினோமா வரும் வாய்ப்பு 19 சதவீதம் கூடுகிறது என்பது அதன் கணக்கு.

இந்த 19 சதவீதத்தைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். நூறு பருமனானவர்களில் 19 பேருக்கு வரும் என்பதல்ல இதன் அர்த்தம். ஓர் உதாரணத்துக்கு, ஐம்பது வயது தாண்டிய அளவான நிறையுள்ள 100 பேரில் 25 பேருக்குப் பொலிப் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 25, ஏறக்குறைய 30 ஆகிறது. ஒரு தனிமனிதனுக்கு இது சிறிய கூடுதல்தான். ஆனால் ஒரு ஊரே பருத்துக்கொண்டு போனால் அது சிறிய எண்ணிக்கையல்ல.

உடற்திணிவுச் சுட்டியை எப்படிக் கணிப்பது என்று பிள்ளைகளுக்குத் தெரியும், சுகாதாரப் பாடத்தில் இருக்கிறது. நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து அதன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். மச்சானின் கணக்கைப் பாருங்கள். 1.65ஐ 1.65ஆல் பெருக்கினால் 2.72. 78ஐ அதனால் வகுத்தால் 28.7 வரும். 25க்கு மேல் போனால் மிகை நிறை என்பது உலகப் பொது அளவு. ஆனால் ஆசியர்களுக்கு அது பொருந்தாது. ஒரே சுட்டியுள்ள ஐரோப்பியரைவிட நம்மவர்களின் உடலில் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில்தான் அதிகம். எனவே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் ஆசியர்களுக்கு 23ஐ எச்சரிக்கை எல்லையாகவும் 27.5ஐ உயர் ஆபத்து எல்லையாகவும் பரிந்துரைத்தது. மச்சானின் உயரத்துக்கு 23 என்பது 62, 63 கிலோ. அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "கலியாணம் முடிக்கும்போது அவ்வளவுதான் இருந்தேன்" என்றார்.

சுட்டியைவிட எளிதான கருவி ஒன்று இருக்கிறது. தையல் நாடா. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் சுற்றி அளக்க வேண்டும். தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. காற்சட்டை அளவை வைத்துச் சொல்லாதீர்கள், காற்சட்டையைத் தொப்பைக்குக் கீழேதான் எல்லோரும் போடுகிறோம். காற்சட்டையாவது இறுகினால் தெரியும். சாரம் எந்த இடுப்புக்கும் பொருந்தும், அபாயா எதையும் காட்டாது. நம் ஊரில் பலருக்குத் தாம் பருத்ததே தெரியாமல் போவதற்கு உடுப்பும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நிறைக்கும் பொலிப்புக்கும் உள்ள தொடர்பு ஆண்களில் கூடுதல் வலுவாகத் தெரிகிறது. பெண்களுக்குப் பாதுகாப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. நம் நாட்டில் ஆண், பெண் இருபாலாரிலும் அதிகம் காணப்படும் முதல் ஐந்து புற்றுநோய்களுக்குள் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வருகிறது. ராகமையில் நீண்டகாலம் பணியாற்றிய சத்திரசிகிச்சைப் பேராசிரியர் கெமல் டீன் போன்றோர், இலங்கையில் இந்நோய் இளவயதினரிடமும் கணிசமாகக் காணப்படுவதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

அதே ராகமையில் 2007இல் தொடங்கிய சுகாதார ஆய்வொன்றை இங்கே சொல்ல வேண்டும். 35 முதல் 64 வயது வரையானவர்களை ஸ்கான் செய்து பார்த்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. மதுவினால் அல்ல. "அது கொழும்புப் பக்கத்துக் கதை, நாங்கள் மலைநாட்டு ஆட்கள், ஏறி இறங்குகிறோம்" என்று சொல்லலாம். நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு தோட்டங்களில் நாள் முழுதும் உடலால் உழைக்கும் மக்களிடையே பார்த்தபோதும் 18 சதவீதமானோருக்கு அது இருந்தது. ஈரலில் கொழுப்பு படிந்தவர்களிடம் குடற்பொலிப்பும் கூடுதலாகக் காணப்படுவதைக் கொரிய, ஹொங்கொங் ஆய்வுகள் காட்டியுள்ளன. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: வயிற்றுக் கொழுப்பும் இன்சுலினும். ஆகவே ஸ்கான் அறிக்கையில் "ஃபெட்டி லிவர்" என்று எழுதியிருந்தால் அது ஈரலைப் பற்றிய செய்தி மட்டுமல்ல.

உக்குவளையில் இருந்துகொண்டு சாப்பாட்டைப் பற்றி எழுதுவது தர்மசங்கடமான வேலை. கலியாண வீட்டில் ஸஹனைச் சுற்றி உட்கார்ந்து எழும்பும்போது, எவ்வளவு சாப்பிட்டோம் என்று யாருக்கும் கணக்கில்லை. ஒருவர் எழும்பினால் மற்றவர் "இருங்க நானா" என்று கையைப் பிடிப்பார். அது அன்பு, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கலியாணச் சோறல்ல நம்மைப் பருக்க வைப்பது, அது மாதத்தில் ஒருநாள். நாளாந்தம் ஐந்து பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி என்றால் 15 கரண்டி, ஏறக்குறைய 60 கிராம், 240 கலோரி. பின்னேரத்தில் இரண்டு ரோல்ஸ். இரவு பத்து மணிக்குக் கொத்து. சந்திக்குப் போவதற்கும் திரீவீலர். நோன்பு மாதத்தில்கூட நம்மில் பலருக்கு நிறை கூடுகிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்குதான் உணவுக்கு என்ற நபிமொழியைக் கேட்காத ஜும்ஆப் பள்ளி நம் நாட்டில் இருக்காது. இப்தாருக்குப் பிறகு அந்தக் கணக்கு எங்கே போகிறது என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இறைச்சியைப் பற்றியும் கேட்பீர்கள். 2015இல் அதே சர்வதேச முகவரகம் சொசேஜஸ், மீட் போல் போன்ற பதப்படுத்திய இறைச்சிகளைப் புற்றுநோயை உண்டாக்குபவை என்ற முதலாம் தொகுதியில் சேர்த்தது. நாளொன்றுக்கு 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி அதற்கு அடுத்த தொகுதியில், அதாவது அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்ற வகையில் இருக்கின்றன. குர்பான் இறைச்சியை விடச் சொல்லவில்லை. பாடசாலை கென்டீனில் பனிசுக்குள் வைத்துப் பிள்ளைகளுக்கு விற்கும் சொசேஜஸ்தான் எனக்குக் கவலை.

நிறையைக் குறைத்தால் பயனுண்டா? 2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வளர்ந்த பிறகு நிறையைக் குறைத்தவர்களிடம் அடினோமா காணும் வாய்ப்பு, நிறை மாறாதவர்களைவிட ஏறக்குறையப் பாதியாக இருந்ததைக் காட்டியது. ஆரம்பத்தில் மிகை நிறையோடு இருந்தவர்களில் இது கூடுதலாகத் தெரிந்தது. நிறையைக் கூட்டிக்கொண்டே போனவர்களுக்கு வாய்ப்பும் கூடியது. இது ஓர் அவதானிப்பு ஆய்வு என்பதால் கடைசி வார்த்தையாக எடுக்க முடியாது. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. "நான் மெலிவு, எனக்கு வராது" என்பதுதான் அது. ஹொலிவூட் நடிகர் சட்விக் போஸ்மன் 2020இல் 43 வயதில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். கட்டுமஸ்தான உடல். அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரீகனும் பருத்தவரல்ல. 1985 ஜூலையில் ஒரு சிறு பொலிப்பை அகற்றப் போனபோது, உள்ளே இன்னொரு பெரிய பொலிப் கண்டுபிடிக்கப்பட்டது. மறுநாளே சத்திரசிகிச்சை செய்து குடலின் ஒரு பகுதியை அகற்றினார்கள். அதில் புற்றுநோய் இருந்தது. அவர் அதன் பின்னர் 19 வருடம் வாழ்ந்து, 2004இல் 93ஆவது வயதில் வேறு நோயால் இறந்தார். ஆக நிறை ஒரு காரணிதான். வயது, பரம்பரை, சிகரட், மது, சீனி வருத்தம், நார்ச்சத்துக் குறைந்த உணவு, உட்கார்ந்தே இருப்பது எல்லாம் கூட்டுச் சேர்கின்றன. தாய், தகப்பன், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து வருடம் முன்னதாக, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கும் பரிசோதனையை 45 வயதில் தொடங்கும்படி 2021இல் பரிந்துரை வந்தது. நம் நாட்டில் எல்லோரையும் அழைத்துப் பார்க்கும் அப்படியொரு திட்டம் இல்லை. ஆகவே அறிகுறியைக் கண்டால் நாமாகத்தான் போக வேண்டும். மலத்தோடு இரத்தம், மலம் கழிக்கும் பழக்கத்தில் வாரக்கணக்காக மாற்றம், காரணமில்லாத இரத்தச் சோகை, காரணமில்லாத மெலிவு ஆகியவை அந்த அறிகுறிகள். இரத்தம் போனால் பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும். ஆனால் மூலம் என்று முடிவு செய்ய வேண்டியது பார்த்தவர், பார்க்காத நாமல்ல.

இதை அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம், எங்கள் குடும்பத்து மாமி ஒருவர். அவருக்கும் இரத்தம் போனது. ஆண் வைத்தியரிடம் காட்ட வெட்கப்பட்டு இரண்டு வருடம் மறைத்தார். மகளுக்குத் தெரிந்து கூட்டிச் சென்றபோது நோய் ஈரலுக்குப் பரவியிருந்தது. ஏழு மாதத்தில் வபாத்தானார். பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்கலாம், கூடவே பெண் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்து தருகிறார்கள். அதைக்கூட அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கொலனொஸ்கோபி பற்றிய பயமும் தேவைக்கு மேல் இருக்கிறது. உண்மையில் கஷ்டமானது அதற்கு முந்திய நாள்தான். நார் இல்லாத இலகுவான உணவு, பிறகு குடலைச் சுத்தம் செய்யும் மருந்துத் தண்ணீரை லீற்றர் கணக்கில் குடிக்க வேண்டும், மலகூடத்துக்கும் அறைக்கும் நடக்க வேண்டும். மச்சான் அன்றிரவு என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மறுநாள் மயக்கமாக இருக்க ஓர் ஊசி போட்டார்கள். கமரா பொருத்திய வளையும் குழாயை உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். பொலிப் கண்டால் கம்பி வளையத்தை அதன் அடியில் மாட்டி இறுக்கி வெட்டுகிறார்கள். குடலின் உட்சுவருக்கு வெட்டும் வலி தெரியாது. பகலுணவுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். சீனி மாத்திரை, இரத்தத்தை ஐதாக்கும் மாத்திரை பாவிப்பவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லி அவற்றை எப்படி எடுப்பது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இது முக்கியம்.

நிறை, சீனி, பிரஷர் பார்ப்பதற்குக் கண்டி வரை போக வேண்டியதில்லை. அரசாங்க வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளிலும் இயங்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் 35 வயது கடந்தவர்களுக்கு அதை இலவசமாகவே செய்கிறார்கள். ஆண்கள் அங்கே மிகக் குறைவாகத்தான் போகிறார்கள் என்பது சுகாதாரத் துறையினரின் நீண்டகாலக் குறை.

மச்சான் இப்போது பிளேன்டீயில் ஒரு கரண்டிதான் போடுகிறார். சுபஹுக்குப் பிறகு ரயில் பாதையோரம் நடக்கிறார். ஒன்பது மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறது. பொலிப்பின் எண்ணிக்கையையும் அளவையும் பார்த்து, மூன்று வருடத்தில் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு இரண்டு தம்பிமார். இருவருக்கும் தொப்பை உண்டு. மூத்தவர் போன மாதம் பரிசோதனை செய்துகொண்டார், சிறிய பொலிப் ஒன்று எடுத்தார்கள். இளையவர் கடையை விட்டு வர நேரமில்லை என்கிறார். அவருக்கு 46 வயது, இடுப்பு 101 சென்ரிமீற்றர். நானே போய் அளந்தேன்.